கல் வைக்காமல் தொடாதே

சென்னிமலை, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து பிக்கப் வண்டியின் மூக்குக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான். தம்பி அத்தப்பன் அடுப்பிலிருந்து அடுத்த முடிச்சைக் கொண்டுவந்தான்.

"சூடு ஏறுச்சாங்ணா?"

"மேலாப்புல ஏறியிருக்குது. உள்ளுக்குள்ள இன்னும் சளி இருக்கும்."

மூத்தவன் நாச்சிமுத்து தள்ளி நின்று கையிலிருந்த தாளை இன்னொரு முறை படித்தான். "கொஞ்சம் சூடாக்குன்னுதான் எழுதியிருக்காரு. போதும், வெந்துறப் போவுது."

அது தினக் காலண்டரில் கிழித்த தாள். பழைய வண்டியைப் பார்த்து வாங்கிக்கொடுத்த மெக்கானிக் சாதிக் பாய், சர்வீஸை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று அதன் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிக்கொடுத்துவிட்டு, மச்சினன் கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போய்விட்டார். அண்ணன் தம்பிகள் மூவரும் பத்தாவது வரை படித்தவர்கள். எழுத்தில் இருப்பதை மீறும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

முதல் வரி, 'சக்கரத்துக்குக் கல் வைக்காமல் வண்டியைத் தொடாதே.' தேங்காய் அளவில் இரண்டு கருங்கல் தேடி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்று வைத்தாகிவிட்டது. இரண்டாவது வரி, எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிப் பழைய ஆயிலை இறக்குவது. அதுவும் ஒத்தடத்தோடு முடிந்தது. இட்லிக் குண்டானில் பிடித்த பழைய ஆயிலை எருக்குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடித் திருகை இறுக்கி மூடினார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு ராக்கியண்ணன் மகளோடு வருவதாக ஏற்பாடு. நாச்சிமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டிப்போயிருந்தன. எட்டாவது இடம் ராக்கியண்ணனுடையது. "பையனைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கமாட்டனுங். வண்டியில ஏறி மாரியம்மன் கோயில் வரைக்கும் போவோம். போய்ச் சேந்துட்டா அங்கயே பேசி முடிச்சுக்கலாம். சேரலீன்னா நான் அஞ்சு பத்து பஸ்ஸுக்குப் போயிர்றேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அதனால்தான் நாச்சிமுத்து காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'புது ஆயில் ஊற்று. அளவுக் கம்பியை உருவி, நன்றாகத் துடைத்துப் பார். ஆயில் குறைந்தால் இன்னும் ஊற்று.'

கேனில் பாதியை ஊற்றினார்கள். அத்தப்பன் கம்பியை உருவி, துண்டால் நன்றாகத் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"ஒரு பொட்டு இல்லீங்ணா."

மீதிப் பாதியும் போயிற்று. அத்தப்பன் முன்னைவிட நன்றாகத் துடைத்தான். கம்பி பளபளத்தது.

"சுத்தமா இல்லீங்."

"அத்தனையும் எங்கடா போச்சு?"

"குடிச்சிருச்சு. வயசான வண்டி, எத்தனை வருசத்துப் பசியோ."

ஆயில் கடை மூடியிருந்தது. சென்னிமலை சமையலறைக்குள் போய் நல்லெண்ணெய்த் தூக்கைக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகும் கம்பியில் எண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெய் போயிற்று. அதற்கும் இல்லை. கடைசியில் விளக்கெண்ணெய் பாட்டில்தான் மிச்சம் இருந்தது.

"வேண்டாமுங்ணா. விளக்கெண்ணெய் பேதிக்குக் குடுக்கறது" என்றான் அத்தப்பன்.

"ஆகட்டுமே. உள்ள இருக்கற அழுக்கெல்லாம் போகட்டும்."

"ராக்கியண்ணன் உக்காந்திருக்கறப்ப ஆச்சுன்னா?"

நாச்சிமுத்து யோசித்து, பாதி பாட்டில் மட்டும் ஊற்றச் சொன்னான். அது ஊற்றும் வாய்வழியே வழிந்து அவன் காலில் சொட்டியது.

"வாய் வரைக்கும் வந்துருச்சுங்ணா. கம்பியில மட்டுந்தான் இல்ல."

"வாயைப் பாருன்னா எழுதியிருக்காரு? கம்பியைப் பாருன்னுதான் எழுதியிருக்காரு" என்றான் சென்னிமலை. வீட்டில் இனி மண்ணெண்ணெய்தான் பாக்கி என்பதால் பேச்சு அத்தோடு நின்றது.

நான்காவது வரி, 'முன்னால் இருக்கும் டயர் பின்னாலும் பின்னால் இருப்பது முன்னாலும் வரவேண்டும்.'

"கழட்டோணுமாங்ணா?"

"கழட்டுன்னு எங்கடா இருக்குது? வரவேண்டும்னுதான் இருக்குது."

ஆகவே வண்டியைத் திருப்பி நிறுத்த முடிவாயிற்று. ஆனால் தள்ளுவதற்குக் கல்லை எடுக்க வேண்டும். கல்லை எடுத்தால் வண்டியைத் தொடக்கூடாது. இந்த இடத்தில் அரை மணி நேரம் போயிற்று. பிறகு அத்தப்பன் இரண்டு மூங்கில் கொண்டுவந்தான். இரண்டு பேர் மூங்கிலால் நெம்பித் தள்ளினார்கள். மூன்றாமவன் கதவு வழியாகக் கவட்டைக் கம்பை நுழைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். மூங்கில்தான் வண்டியைத் தொட்டது, அவர்கள் தொடவில்லை. தெருவைப் பார்த்து நின்ற வண்டி ஒன்றரை மணி நேரத்தில் களத்தைச் சுற்றி, மாட்டுக்கொட்டாயைப் பார்த்து நின்றது. உடனே பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள்.

அத்தப்பன் கொட்டாய்ப் பக்கம் போய் நின்று பார்த்தான். "இங்கிருந்து பாத்தா முன்டயர் இன்னும் முன்னாலதானுங்ணா இருக்குது."

"அங்கிருந்து உன்னை எவன் பாக்கச் சொன்னான்? ராக்கியண்ணன் தெருவழியாத்தான் வருவாரு."

தாளின் முன்பக்கத்தில் 'சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்' என்று அச்சாகியிருந்தது. அதையும் விடவில்லை. ஒரு அச்சு வெல்லத்தை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

நாலு மணிக்கு ராக்கியண்ணன் வந்தார். பின்னால் அவர் மகள் பூங்கோதை, கையில் மஞ்சப்பையோடு. பையில் வாழைப்பழமும் அம்மனுக்கு விளக்கெண்ணெயும் இருந்தன. அவள் வண்டியில் கைவைக்கப் போனபோது அத்தப்பன் பதறிப்போய், "இருங், கல்லு இருக்குதான்னு பாத்துக்கறேன். கல்லு வைக்காம தொடக்கூடாதுங்" என்றான். பூங்கோதை கையை எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

ராக்கியண்ணன் இரண்டு டிராக்டர் வைத்து ஓட்டி, இரண்டையும் விற்றவர். மூடியைத் திறந்து, கம்பியை உருவி, தோள் துண்டால் அழுத்தித் துடைத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார்.

"எண்ணெயே இல்லீங்களே மாப்ள."

நாச்சிமுத்து தம்பிகளைப் பார்த்தான். அவர்கள் கண்டதை வெளியாள் ஒருவர் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. "நாங்களும் காலைல இருந்து அதத்தானுங் பாக்கறோம்" என்றான்.

"துடைக்காம பாத்தா என்னங்?" என்றாள் பூங்கோதை.

நால்வரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"துடைக்காம எப்படீங் பாக்கறது? அழுக்கா இருக்குமில்லீங்" என்றான் சென்னிமலை, மரியாதையாக.

"அவ அப்படித்தானுங், ஏதாச்சும் கேட்டுட்டே இருப்பா. மத்தபடி நல்ல புள்ள" என்றார் ராக்கியண்ணன். பையிலிருந்த அம்மனின் எண்ணெயை எடுத்து, "ஆத்தாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழம பாத்துக்கலாம்" என்று வண்டியில் ஊற்றினார். அத்தனையும் வழிந்து அவர் செருப்பை நனைத்தது. "வாங்கிக்கிருச்சு" என்றார்.

பூங்கோதை அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

"வண்டியைத் திருப்பிக்கலாமுங்களா? வாசல் பின்னால இருக்குது" என்றார் ராக்கியண்ணன்.

"திருப்பினா டயரெல்லாம் பழைய இடத்துக்கே போயிருமுங்."

அவர் சற்று யோசித்தார். "அதும் சரிதான். மாப்ளைக்கு நிதானம் இருக்குது. பின்னாடியே போயிருவோம், வெயிலும் கண்ணுல அடிக்காது."

நாச்சிமுத்துவும் ராக்கியண்ணனும் முன்னால் ஏறினார்கள். மற்றவர்கள் பின்னால் தொட்டியில். சாவியைத் திருகியதும் வண்டி இருமியது, உறுமியது, வெள்ளைப் புகையாகக் கக்கியது. களம் முழுக்கத் தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வாசம். நாச்சிமுத்து ரிவர்ஸ் போட்டு மிதித்தான். வண்டி நடுங்கியதே தவிர நகரவில்லை.

இறங்கி ஆலோசித்தார்கள். பேதிக்கு ஊற்றியது இன்னும் வேலை செய்யவில்லை என்றான் சென்னிமலை. அம்மன் எண்ணெயை எடுத்தது குத்தமாகிவிட்டதோ என்றான் அத்தப்பன். ராக்கியண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ்ஸு அஞ்சு பத்துக்குங்களா?" என்று நாச்சிமுத்துவே கேட்டான். அவன் மட்டும் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"அஞ்சு பத்துதானுங். சில சமயம் முன்னாடியே வந்துருது."

பூங்கோதை வண்டியின் பக்கவாட்டில் நின்று கண்ணாடியில் தெரிந்த நாச்சிமுத்துவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புகைக்குள் போனாள். திரும்பி வந்தபோது மஞ்சப்பை கனத்துத் தொங்கியது. இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தொட்டியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒருக்கா மிதிச்சுப் பாருங் மாப்ள. அப்புறம் நான் நடக்கறேன்" என்று ராக்கியண்ணன் ஏறினார். தம்பிகளும் ஏறினார்கள்.

வண்டி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் பின்பக்கமாகப் பாய்ந்தது.

"ஆத்தா எண்ணெய்" என்றார் ராக்கியண்ணன், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

கோயில் வரை இரண்டு கிலோமீட்டர். பின்பக்கமாகவே போனார்கள். எதிரே வந்த அஞ்சு பத்து பஸ், ஓரம் கட்டி, அவர்கள் வருகிறார்களா போகிறார்களா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. வழியில் எல்லா வீட்டிலும் யாராவது வெளியே வந்து மூக்கை உறிஞ்சினார்கள். ராக்கியண்ணன் பரிகார வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, தை மாதம் முதல் முகூர்த்தம் என்றார். நாச்சிமுத்துவால் தலையாட்ட முடியவில்லை. கழுத்தைத் திருப்பியே ஓட்டியதில் அது அப்படியே நின்றுவிட்டது.

கோயில் முன்னால் தரை கொஞ்சம் சரிவு. ஆண்கள் நால்வரும் இறங்கி, தேங்காயை யார் உடைப்பது என்று பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

பூங்கோதை தொட்டியிலிருந்து குதித்தாள். மஞ்சப்பையில் நசுங்கிய பழங்களை ஒதுக்கிவிட்டு, கருங்கல் இரண்டையும் எடுத்துப் பின்சக்கரங்களுக்கு ஒவ்வொன்றாக வைத்தாள். வைத்த பிறகு, கையிலிருந்த மண்ணை வண்டியின் மேல் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.