விருமன் கேட்ட ஒரு வாய் மண்

மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே ராஜாவின் முரசு கேட்ட காலம் அது. எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் ஆசையும், அதைச் சுமக்கும் தலையெழுத்து ஏழைக்கும் இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜாவின் பெயர் வீரகேது. அவனுக்கு அரண்மனை இருந்தது, யானை இருந்தது, தலையாட்ட மந்திரிகள் இருந்தார்கள். ஏழு ஆள் உயரத்துக்கு ஒரு மதில்தான் இல்லை. அந்தக் குறையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு மண்வெட்டி என்று ஊர் ஊராகப் பறை அறையச் சொன்னான். மதில் முடிகிற வரை யாரும் ஊர் திரும்பக் கூடாது.

வந்தவர்களின் மண்வெட்டிகளைப் பிடுங்கி ஒரே குவியலாகப் போட்டான் கண்காணி. காலையில் கைக்கு எது அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பெயர் கேட்கிற வழக்கமும் அங்கே இல்லை. "ஏ மண்வெட்டி, இங்க வா. ஏ கூடை, வெரசா நட" என்றுதான் கூப்பிடுவான். யாராவது செத்தால் மதிலுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. வாய்விட்டு அழவும் கூடாது. அழுதால் வேலை கெட்டுப் போகுமாம், நியாயத்தைப் பாருங்கள்.

அங்கே தண்ணீர் சுமந்தவள் காத்தாயி. அவளைக் கண்காணி "ஏ குடம்" என்பான். புருஷனை இழந்தவள், வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அவளையே பிடித்து வந்துவிட்டார்கள். படிப்பு கிடையாது, மந்திரம் தெரியாது. தண்ணீர் ஊற்றும்போது குடிக்கிறவனின் முகத்தைப் பார்ப்பாள். அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் ஒரு நாள் சாரம் சரிந்து, விருமன் என்பவனின் நெஞ்சில் கல் விழுந்தது. தூக்கிக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் கிடத்தினார்கள். பிழைக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் உயிரும் போகவில்லை, இழுத்துக்கொண்டு கிடந்தது.

முதல் நாள் காத்தாயி அவன் வாயில் தண்ணீர் விட்டாள். கடைவாய் வழியாக வழிந்துவிட்டது.

இரண்டாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, மனசுல என்ன கிடக்கு? சொல்லிடுங்க" என்றாள்.

"எங்க ஊரு மண்ணு, தங்கச்சி" என்றான் விருமன். "எங்க அய்யாவுக்கு உசுரு இழுத்தப்ப, எங்க காட்டு மண்ணைக் கரைச்சு மூணு தரம் ஊத்தினோம். நிம்மதியாப் போயிட்டாரு. எனக்கும் அப்படிப் போகணும்."

அவன் ஊர் ஐந்து நாள் நடை. அங்கே போய் யார் எடுத்து வருவது? காத்தாயி ஒரு காரியம் செய்தாள். மதிலடி மண்ணை ஒரு பிடி அள்ளிக் கரைத்து, "உங்க ஊரு மண்ணுதான், குடிங்க" என்று ஊற்றினாள். அவள் செய்தது தப்பு. இரக்கத்தில் செய்தாலும் ஏமாற்று ஏமாற்றுதான், நான் மூடி மறைக்க மாட்டேன்.

விருமன் நாக்கில் வைத்ததும் கண்ணை மூடினான். "சுண்ணாம்பு கரிக்குது தங்கச்சி. இது கோட்டை மண்ணு" என்றான். கோபப்படவில்லை. கண்ணோரம் நீர் மட்டும் இறங்கியது. சாகிறவனிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மறுபடியும் போய் உட்கார்ந்தாள். "மன்னிச்சிருங்க அண்ணே. நிச மண்ணு எங்க கிடைக்கும்?"

"என் மண்வெட்டியில இருக்கு" என்றான் விருமன்.

இது உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போடும்போது, சொந்த நிலத்து மண்ணை ஒரு சிட்டிகை ஈரமாகக் குழைத்துத் துளைக்குள் அப்பி, அதன் மேல் ஆப்பு அடிப்பது அந்த நாட்டு வழக்கம். காம்பும் ஆடாது, எந்தத் தேசத்துக்குப் போனாலும் ஊரும் கையோடு வரும் என்பார்கள். மூன்று வருஷம் மதிலடியில் வெட்டினாலும் ஆப்புக்கு அடியில் இருக்கும் அந்த மண் அப்படியே இருக்கும்.

காத்தாயி வெட்டுகிறவர்களிடம் ஓடினாள். "விருமன் அண்ணனோட மண்வெட்டி யார் கையில இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனாள். கேட்டவன் ஒவ்வொருவனும் நிமிர்ந்தான். தன் கையில் இருக்கும் மண்வெட்டி யாருடையதோ என்று திருப்பிப் பார்த்தான். தன்னுடையது எங்கே, யார் கையில் என்ற நினைப்பு வந்தது. கம்பங்காடும், வரப்பும், வாசலில் நின்று வழியனுப்பியவளும் கண்ணுக்குள் வந்தார்கள். எத்தனை நாளாக அடைத்து வைத்த ஏக்கம். வேலை நின்று போனது.

கண்காணி குதித்தான். "சாகக் கிடக்கிறவனால வேலை கெடுது. மூச்சு இருந்தா என்ன, இழுத்துக் குழியில போடுங்க" என்றான்.

அந்த நேரம் பார்த்து வீரகேது ராஜா மதிலைப் பார்வையிட வந்தான். நடந்ததைக் கேட்டான். அவனுக்குப் பந்தயம் என்றால் கொள்ளை ஆசை. காத்தாயியைப் பார்த்துச் சிரித்தான்.

"இங்கே முன்னூறு மண்வெட்டி இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி. நிழல் காலடிக்கு வருவதற்குள் அவனுடையதைக் கண்டுபிடி. கண்டுபிடித்தால் அவன் ஆசைப்படி மண் ஊற்று. இல்லையென்றால் கண்காணி சொன்னபடி அவன் குழிக்குப் போவான்" என்றான்.

காத்தாயி குவியல் கிடக்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாத்தையும் குவியல்ல போடுங்க. இப்ப அவங்கவங்க மண்வெட்டியை அவங்கவங்க எடுத்துக்குங்க. மிச்சம் கிடக்கிறது விருமன் அண்ணனோடது."

கண்காணிக்கு ஒரே மாதிரி தெரியலாம். பிடித்து உழைத்த கைக்குத் தெரியாதா? தேய்ந்த இடம், கணு இருந்த இடம், ஆறிய விரிசல் என்று தடவித் தடவி எடுத்தார்கள். "விடுய்யா, இது என்னோடது" என்று இரண்டு பேர் சண்டை போட்டு, பிறகு சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் அங்கே யாரும் சிரித்ததில்லை. ஒருவன் ஆப்புப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கடைசி ஆளும் எடுத்தாகிவிட்டது. குவியலில் மிச்சம் இருந்தவை நாற்பத்தொன்று.

கண்காணியின் முகம் செத்துவிட்டது. மூன்று பேர்தான் இறந்தார்கள் என்று அவன் ராஜாவிடம் சொல்லி வைத்திருந்தான்.

"இவையெல்லாம் யாருடையவை?" என்று கேட்டான் ராஜா.

"நாப்பது பேரு குழியில கிடக்காங்க மகாராசா. ஒருத்தரு இன்னும் மூச்சு விடுறாரு" என்றாள் காத்தாயி.

ராஜா கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. "இதில் அவனுடையது எது என்று நீ இன்னும் சொல்லவில்லையே" என்றான். ராஜா புத்தி அது.

காத்தாயி குனிந்து ஒரு மண்வெட்டியின் ஆப்பைத் தட்டிக் கழற்றினாள். ஒன்றல்ல, நாற்பத்தொன்றையும் கழற்றினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் குடத்துத் தண்ணீரில் கரைத்தாள். "இதுக்குள்ள அண்ணன் மண்ணும் இருக்கு மகாராசா. மத்த நாப்பது பேருக்கும் போறப்ப யாரும் ஊத்தலை. ஒருத்தருக்கு மட்டும் ஊத்தினா அவங்க பார்த்துக்கிட்டு நிக்க மாட்டாங்களா?" என்றாள்.

விருமனின் தலையை மடியில் வைத்து மூன்று தரம் ஊற்றினாள். முதல் தரம் தொண்டையில் இறங்கியது. இரண்டாம் தரம் அவன் உதடு அசைந்தது. "பல ஊரு இருக்கு தங்கச்சி. கரிசல் இருக்கு. ஆத்து வண்டல் இருக்கு" என்றான். மூன்றாம் தரம் முகம் தெளிந்தது. "எங்க செவக்காடு வந்துருச்சு" என்றான். உயிர் போய்விட்டது.

அப்போதுதான் எழுந்தது அழுகை. விருமனுக்கு மட்டுமா? நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து, தெரிந்த பெயரையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

"போதும், வேலையைப் பாருங்கள்" என்றான் ராஜா. யாரும் அசையவில்லை. இரண்டாம் முறை அதட்டினான். யாரும் அசையவில்லை. மூன்றாம் முறை வேல்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். முன்வரிசையில் நின்ற வேல்காரன் நடந்து வந்தான், மிச்சக் குவியலில் ஒரு மண்வெட்டியைப் பார்த்து நின்றான், குனிந்து எடுத்தான். "இது நான் செதுக்கிக் குடுத்த காம்பு. என் தம்பியோடது" என்றான். கையிலிருந்த வேலைக் கீழே வைத்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரவர் ஊரைப் பார்க்க நடந்தார்கள். பாதி மதிலும் முழு ராஜாவும் வெயிலில் நின்றார்கள்.

மிச்சத்தில் செம்மண் அப்பியிருந்தவை ஐந்து. அந்த ஐந்தையும் சுமந்துகொண்டு காத்தாயி ஐந்து நாள் நடந்து விருமன் ஊருக்குப் போனாள். விருமன் பெண்டாட்டி வெள்ளையம்மா வாசலில் நின்றிருந்தாள். தினமும் அங்கேதான் நிற்பாளாம். காத்தாயி ஐந்தையும் தரையில் பரப்பினாள். வெள்ளையம்மாவின் கை நேராக நடுவில் இருந்ததைப் போய்த் தொட்டது.

அதன் காம்பைத் தடவிக்கொண்டே, "உசுரு இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சா?" என்று கேட்டாள்.

"மூணு நாள் கிடந்துச்சு, அக்கா. அப்புறம் நம்ம மண்ணைக் குடிச்சுட்டு நிம்மதியாப் போயிருச்சு."

"யாரு ஊத்தினது?"

"நான்தான்."

வெள்ளையம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளால் அழ முடிந்தது.

இவ்வளவு நேரம் கேட்டவர்கள் இதையும் கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள்: சாகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மனசின் ஏக்கத்தைக் கேட்கிற ஒருத்தி இருக்கும் இடத்தில், மனுஷனை மனுஷனாக எண்ணாத எந்த அதிகாரமும் நிலைக்காது.