ஒன்றை நிறுத்தி ஒன்று

“மூணாவதா ஒரு மருந்து சொல்லு, ஹபீபா. ரெண்டும் கையை விரிச்சிருச்சு.”

டாக்டர் ஆசீர்வாதம் ஆய்வக வாசலில் நின்றபடியே சொன்னார். அங்கே வந்து யோசனை கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. அதிலும் ஹபீபா அவரிடம் படித்தவள்.

“எந்த பெட், சார்?”

“பதினாலு. கொத்தனார் இருளப்பன். மூளை உறையில பூஞ்சை. நேத்து பொண்டாட்டியப் பார்த்து, யாரும்மா நீன்னு கேட்டான். இப்படியே போனா இந்த வாரம் தாண்ட மாட்டான்.”

ஹபீபா மூன்று கண்ணாடிக் குழாய்களை எடுத்து ஜன்னல் திண்டில் நிறுத்தினாள். மூன்றிலும் இருளப்பனின் முதுகுத்தண்டு நீரிலிருந்து வளர்த்த பூஞ்சை.

முதல் குழாயில் பூஞ்சை பெருகிக் கலங்கியிருந்தது.

“இதுல நீங்க முதல்ல கொடுத்த ஊசி மருந்து.”

இரண்டாவதும் கலங்கல்தான்.

“இதுல, அதை நிறுத்திட்டுக் கொடுத்தீங்களே, அந்த மாத்திரை.”

மூன்றாவது குழாய்க்குப் பின்னால் ஜன்னல் கம்பி தெளிவாகத் தெரிந்தது.

ஆசீர்வாதம் உள்ளே வந்தார்.

“இதுல என்ன போட்ட?”

“அதே ரெண்டும்தான். சேர்த்து.”

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடியும் சாய்த்தார்.

“ஊசி மருந்து பூஞ்சையோட தோல்ல ஓட்டை போடும், மாத்திரை அது வழியா உள்ள போய் வேலையைப் பார்க்கும்னு போர்டுல படம் போட்டீங்க, சார். பூஞ்சை பணியாரம் மாதிரி இருந்துச்சு.”

“ஞாபகம் இருக்கு.”

“அப்புறம் ஏன் தனித்தனியா?”

அவர் குழாயைத் திண்டில் வைத்தார்.

“பத்து கேஸ் சேர்த்து ஒரு கட்டுரை எழுதறேன். ரெண்டையும் ஒண்ணாக் கொடுத்தா, எது பிழைக்க வெச்சதுன்னு எப்படித் தெரியும்?”

“யாருக்குத் தெரியணும், சார்?”

ஆசீர்வாதம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

படி ஏறி வார்டுக்குப் போனார். பதினாலாம் கட்டிலின் மருந்துச் சீட்டில் இரண்டு பெயர்களை ஒரே தேதியில் எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் பாட்டிலிலிருந்து மஞ்சள் நிற ஊசி மருந்து சொட்டத் தொடங்கியது. நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். இருளப்பன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, அவன் பிடரிக்குக் கை கொடுத்துத் தலையைத் தூக்கினார். தண்ணீர் தொண்டையில் இறங்கும்வரை அப்படியே பிடித்திருந்தார்.