மைத்துனன் பிடித்த கயிறு

முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியிலேயே "எனக்குத் தெரிந்துவிட்டது" என்று எழுந்து போகிறவர்களுக்கு இந்தக் கதை இல்லை.

ஆழித்துறையில் முத்துக் குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலில் இறங்குவான். படகில் ஒருவன் அதைப் பிடித்திருப்பான். கீழே மூச்சு முட்டினால் கயிறு ஆடும். உடனே இழுக்க வேண்டும். தவறினால் பிணம்தான் மேலே வரும். அதனால் மனைவியின் உடன்பிறந்தவனே கயிறு பிடிப்பது அங்கே வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுப்பதை எவன்தான் விரும்புவான்?

மச்சானும் மைத்துனனும் கூட்டுச் சேர்ந்து முத்தை ஒளிக்கிறார்கள் என்று மன்னனுக்குச் சேதி போயிற்று. கடலில் கால் நனைத்தறியாத மன்னன் ஆணையிட்டான்: ஒரு படகில் உறவினர் இருக்கக் கூடாது, ஆளெடுக்கும் கண்காணி தன் உறவினர் யாராவது வேலை கேட்டு வந்தால் மறைக்காமல் அரண்மனைக்குச் சொல்ல வேண்டும். தென்கரையிலிருந்து சேந்தனை வரவழைத்துக் கண்காணியாக்கினான். சேந்தனும் முத்துக் குளிக்கும் குடும்பத்தில் பிறந்தவன்தான். கயிற்றின் அருமை அவனுக்குத் தெரியும்.

காத்தாயி என்பவள் அவனிடம் வந்து கெஞ்சினாள். "என் புருஷன் கயித்தை என் தம்பி பிடிக்கட்டும் ஐயா. அக்கா தாலி அதுலதான் தொங்குதுன்னு அவனுக்குத் தெரியும்."

"நான் என்னம்மா செய்யட்டும்? அரசாணை. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கேட்டு வந்த மற்றப் பெண்களுக்கும் இதே பதில். அந்த மாதமே காத்தாயியின் கணவன் கடலோடு போனான். கூலிக்குக் கயிறு பிடித்தவன் பக்கத்துப் படகோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தானாம். அடப்பாவமே, பேச நேரம் பார்த்தானே! அவள் வயிற்றுப் பாட்டுக்குச் சிறு தோணியில் படகுகளுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகத் தொடங்கினாள்.

பிறகு தென்கரையிலிருந்து இரண்டு ஆண்கள் வேலைக்கு வந்தார்கள். வயிரவன் குளிப்பவன், கூத்தன் கயிறு பிடிப்பவன். ஒருவரையொருவர் தெரியாது என்றார்கள். உண்மையில் வயிரவன் சேந்தனின் மருமகன். கூத்தன் சேந்தனின் மகன். வயிரவனின் மனைவியாகக் கூடவே வந்த மகள் ஆவுடையாள், யாருக்கும் சந்தேகம் வராதிருக்கப் பெற்ற தகப்பனையே "கண்காணி ஐயா" என்று அழைத்தாள். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் காத்தாயி கூத்தனிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவன் நிமிரவே இல்லை. "வாயில ஊத்துங்க அக்கா. கையை எடுக்க முடியாது" என்றான்.

காத்தாயிக்குப் பொறி தட்டியது. கூலிக்கு வந்தவன் இப்படிப் பிடிக்க மாட்டான், மைத்துனன்தான் பிடிப்பான். என் தம்பிக்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயமா என்று வயிறெரிந்து மன்னனிடம் போய்ச் சொன்னாள். மன்னன் விசாரித்ததும், இருவரும் தன் மகனும் மருமகனும்தான் என்று சேந்தன் ஒப்புக்கொண்டான். தகப்பன், மகன் இருவரையும் மன்னன் வேலையை விட்டு நீக்கினான்; குளிக்க ஆள் வேண்டுமென்று வயிரவனை மட்டும் விட்டுவைத்தான்.

வயிரவன் புதுக் கூலியாளை நம்பி இறங்கினான். வெயில் கொளுத்தியது. காத்தாயி செம்பை நீட்டியதும் அந்த ஆள் கயிற்றைக் காலடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். கயிறு துடித்ததை அவள்தான் பார்த்தாள். "இழுடா, இழு!" என்று அலறிக்கொண்டு தானே பாய்ந்து இழுத்தாள். வயிரவன் வந்தான்; உயிர் வரவில்லை.

ஆணையிட்டவன் மன்னன். மறைத்தவன் சேந்தன். சொன்னவள் காத்தாயி. கயிற்றை விட்டவன் கூலியாள். வயிரவனின் சாவுக்கு இவர்களில் யார் முதல் பொறுப்பு?

விடை: சேந்தன். கூலியாளின் குற்றம் அந்த ஒரு நேரத்துக் குற்றம். காத்தாயி சொன்னது உண்மை. மன்னனுக்குக் கடல் தெரியாது. அந்த ஆணை ஆளைக் கொல்லும் என்று அறிந்து, அதை மன்னனிடம் சொல்லும் இடத்திலும் இருந்தவன் சேந்தன் ஒருவன்தான். உறவை மறைக்காமல் சொல்லி, "இதனால்தான் உறவு வேண்டும்" என்று அவன் வாதாடியிருந்தால் எல்லாப் படகுக்கும் வழி பிறந்திருக்கும். ஊருக்கு ஆணையைக் காட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் வழி தேடினான். மகளுக்கு இது விளங்கியது. பிணத்தருகே வந்து, "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று அவன் அழுதபோது, ஆவுடையாள் காத்தாயியின் மடியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நீங்க போங்க, கண்காணி ஐயா."