தெப்பத்துக்கு ஆகாத கருங்காலி

கேளுங்கள். ஆறு என்றால் மணல் என்றே அறிந்திருந்த ஒரு வறண்ட நாட்டில், முன்னொரு காலத்தில், நெடுங்கோடன் என்றொரு சிற்றரசன் இருந்தான்.

அவன் காட்டில் கருங்காலி வளர்ந்தது, ஆச்சா வளர்ந்தது. குறைந்த நீரைக் குடித்து, மெல்ல வளர்ந்து, இறுகிப்போன மரங்கள். கருங்காலியில் உலக்கை செய்தால் பேத்தி காலம்வரை தேயாது. ஆச்சாவில் தூண் நட்டால் கறையான் அண்டாது. உறுதியானதுதான் மரம், மற்றதெல்லாம் செடி என்பான் நெடுங்கோடன். ஊரும் அதையே சொன்னது.

ஒரு கார்காலத்தில் எங்கோ மலையில் பெய்த மழை, சொல்லாமல் ஆற்றில் இறங்கியது. ஆட்டுக்குட்டி பார்க்கப் போன அரசன் மகள் வெண்ணி, நடு ஆற்றுத் திட்டில் சிக்கிக்கொண்டாள். ஆடு மேய்க்கும் மூங்கனும் அவளோடு நின்றான். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

நெடுங்கோடன் கரைக்கு ஓடிவந்தான். அந்த நாட்டில் எவரும் நீந்தியதில்லை. எதையும் மிதக்க விட்டதுமில்லை. கடற்கரையிலிருந்து உப்பு விற்க வந்த உமணர்கள் அங்கே வண்டிகளை அவிழ்த்திருந்தார்கள். அவர்களில் மூத்தவளான மாறி, தெப்பம் கட்டலாம் என்றாள். அரசன் கருங்காலி கொண்டுவரச் சொன்னான். அது வேண்டாம், கனம் இல்லாத கட்டையாகத் தேடுங்கள் என்றாள் அவள்.

"என் மகளை எலும்பில்லாத மரத்திலா ஏற்றுவேன்?"

கருங்காலியை உருட்டிவிட்டார்கள். கல்லைப் போல் அடிக்குப் போயிற்று. திட்டில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

ஆச்சாவை உருட்டிவிட்டார்கள். அதுவும் போயிற்று. தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"ஆற்றுக்கு அடியில் மண்டபம் கட்டுகிறீர்களா, அரசே?" என்றாள் மாறி. "மலைக்காரனுக்குத் தேக்கு, எங்களுக்குப் புன்னை, உங்களுக்குக் கருங்காலி. அந்தந்த மண்ணுக்கு அந்தந்த மரம், அந்தந்த மரத்துக்கு அந்தந்த வேலை. அதோ, அதைக் கொடுங்கள்."

அவள் காட்டியது கரைமேல் இருந்த மூங்கனின் ஆட்டுப்பட்டி. விறகுக்கும் ஆகாது என்று ஊர் ஒதுக்கிய முருக்க மரத்தின் உலர்ந்த கட்டைகள் அங்கே வேலியாகக் கிடந்தன. அரசன் தலையசைத்தான். உமணர்கள் அவற்றை வண்டிக்கயிற்றால் பிணைத்து ஆற்றில் தள்ளினார்கள்.

தெப்பம் மிதந்தது. உமணர்கள் அதில் ஏறித் திட்டுக்குப் போனார்கள்.

மூங்கன் வெண்ணியைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். தண்ணீர் அவன் கழுத்தில் இருந்தது. உமணர்கள் அவளை வாங்கிக்கொண்டார்கள். அவனுக்குக் கை நீட்டியபோது அவன் காலடியில் திட்டு கரைந்தது; ஆறு அவனைக் கொண்டுபோயிற்று.

மகள் கரை சேர்ந்ததும் நெடுங்கோடன், கரையில் நின்ற மூங்கனின் மனைவி சாத்தியிடம் போனான். அவள் காலையிலிருந்து அங்கேதான் நின்றிருந்தாள். நிலம் தருவதாக அவன் சொல்லத் தொடங்கினான்.

"அந்தக் கட்டைகள் காலையிலும் பட்டியில்தானே கிடந்தன, ஐயா?" என்றாள் சாத்தி.

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் பெற்றதையே எல்லா வேலைக்கும் தேடுகிறவன், வேலைக்கு ஏற்றதைக் கண்டுகொள்ளும்போது காலம் கடந்திருக்கும். அதன் விலையைப் பெரும்பாலும் வேறொருவர் கொடுத்திருப்பார்.