வரித்தலை வாத்தும் கரிச்சானின் வளையங்களும்

நாணல்மடை ஏரியின் நடுவே பட்டுப்போன பனை ஒன்று நின்றது. அதன் உச்சியில் அஞ்சனி என்னும் கரிச்சான் அமர்ந்திருந்தாள். கரிய சிறு உடல், பிளந்த வால். ஆயினும் மாலை வேளையில் அந்த ஏரிக்கு மேலே பறந்த பறவைகள் அனைத்தும் அவள் சொன்னால்தான் இறங்கின. அவள் சொன்னால்தான் ஏறின.

அதற்குத் தக்க காரணம் இருந்தது. மழைக்காலத்தில் அந்த ஏரியின் கருவேல மரங்களில் ஒரு கிளைகூடக் காலியாக இராது. மரங்களுக்கு இடையே நீண்டு கிடந்த ஒரே ஒரு திறந்த நீர்ப்பரப்பில்தான் பெரிய பறவைகள் இறங்க முடியும். அதற்கு நீர்ப்பாதை என்று பெயர். பகலெல்லாம் இரை தேடியவர்கள் மாலையில் அதை நோக்கித்தான் திரும்புவார்கள். இரவில் இரை தேடும் வக்கா என்னும் கொக்குகளோ, அதே வேளையில், அதே பாதைக்கு மேலாகத்தான் புறப்படுவார்கள். வருகிறவர் பல நூறு, போகிறவர் பல நூறு, வழி ஒன்று!

ஆகவே வானத்தில் மூன்று வளையங்கள் வகுக்கப்பட்டிருந்தன. புதிதாக வருபவர் மேல் வளையத்தில் சுற்ற வேண்டும். கீழ் வளையத்தில் இருப்பவர் நீரில் இறங்கியதும், மற்றவர் ஒவ்வொரு வளையமாகத் தாழ்ந்து வருவார்கள். வானத்தைப் பார்த்துக்கொள்வது அஞ்சனியின் வேலை. இறங்கியவர்களைக் கரையோரம் ஒதுக்கிவிடுவது ஆள்காட்டிப் பறவையின் வேலை.

அன்று மாலை வடக்கிலிருந்து வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று வந்தது. பனிமலைகளைத் தாண்டி வந்த கூட்டம் அது. முன்னால் பறந்தவள் இமவதி. அவர்கள் வழக்கமாகத் தங்கும் ஏரி அவ்வாண்டு வறண்டு கிடந்ததால், யாரோ சொன்ன திசையை நம்பி இந்த ஏரிக்கு முதல்முறையாக வந்திருந்தார்கள்.

கூட்டத்தின் கடைசியில் இமவதியின் தங்கை ஊர்மி பறந்தாள். மலைச்சரிவில் ஒரு கழுகின் நகம் அவளுடைய வலது இறக்கையின் அடியைக் கிழித்திருந்தது. இத்தனை தொலைவும் அவள் வந்ததே பெரிது. இனி அதிக நேரம் தாங்காது என்று இமவதி அறிந்திருந்தாள்.

“கீழே நீர் தெரிகிறது. இறங்குங்கள்!” என்றாள் இமவதி.

உடனே பனையிலிருந்து ஒரு கூர்மையான குரல் எழுந்தது. “வடக்கிலிருந்து வரும் வாத்தம்மா! இறங்காதீர்கள்! மேல் வளையத்தில், இடப்பக்கமாகச் சுற்றுங்கள். உங்களுக்குக் கீழே கூழைக்கடாக்கள். அவர்களுக்கும் கீழே நாரைகள். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்!”

இமவதி கீழே பார்த்தாள். பனையின் உச்சியில் ஒரு கரும்புள்ளி! இதுவா கட்டளையிடுகிறது?

“திருப்பிச் சொல்ல நாங்கள் என்ன கிளிகளா?” என்று கேட்டாள்.

“கிளிகளும் இங்கே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகின்றன, அம்மா! நான் சொன்னதும் நீங்கள் கேட்டதும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?”

கீழிருந்த கூழைக்கடாக்கள் தொண்டைப்பை குலுங்கச் சிரித்தன. இமவதிக்குக் கோபம் பொங்கியது. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்த சினத்தை அடக்கி, “மேல் வளையம். இடப்பக்கம். போதுமா?” என்றாள்.

“போதும், நன்றி!” என்றது குரல். மறு நொடியே அது வேறொருவரை அழைத்தது.

மேல் வளையத்துக்குள் நுழைந்தபோது இமவதி திடுக்கிட்டாள். அவர்களுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு பூனைப்பருந்து சுற்றிக்கொண்டிருந்தான்!

“வாருங்கள், வாருங்கள்!” என்றான் பருந்து. “வரிசை இன்று மெதுவாகத்தான் நகர்கிறது.”

இமவதி அவன் பக்கம் திரும்பாமல் பறந்தாள். வாத்துகளின் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. கூட்டத்தில் ஒருவருக்குக் காயம் என்றால், அந்நியர் காதில் அது விழவே கூடாது. அங்கே நரியும் கழுகும் அதைத்தான் எதிர்பார்த்துத் திரியும். தளர்ந்தவர் யார் என்று தெரிந்த கணமே பாய்ந்துவிடும். அந்தச் சட்டத்தைக் காத்துத்தான் இமவதி பல ஆண்டுகள் தன் கூட்டத்தைப் பிழைக்க வைத்திருந்தாள்.

“அக்கா,” என்று பின்னாலிருந்து ஊர்மி முனகினாள். “என்னால் இன்னும் ஒரு சுற்று…”

“பேசாதே! பக்கத்தில் பருந்து இருக்கிறான். இறக்கையை நேராக வைத்துக்கொள்!”

பிறகு அவள் பனையை நோக்கிக் கத்தினாள். “கரிச்சானே! எங்களை முதலில் இறக்கு!”

“ஏன், அம்மா? உங்களில் யாருக்காவது முடியவில்லையா?”

ஒரு கணம் உண்மை இமவதியின் அலகு வரை வந்தது. பருந்து தலையைத் திருப்பினான். அவள் உண்மையை விழுங்கினாள்.

“எங்களுக்கா முடியவில்லை? நாங்கள் பனிமலையைத் தாண்டியவர்கள்!”

“மிக்க மகிழ்ச்சி! அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சுற்று ஒரு பொருட்டா? சுற்றுங்கள்!”

“பனிமலையில் வரிசை கிடையாது போலிருக்கிறது,” என்றது கீழே ஒரு கூழைக்கடா.

“இருந்தால் இன்னும் அங்கேயேதான் நின்றிருப்பார்கள், அண்ணா!” என்றது இன்னொன்று.

இமவதி பல்லைக் கடிக்க முடியாததால் அலகை இறுக்கிக்கொண்டு சுற்றினாள். வேறு வழியில்லாமல் கீழே நடப்பதைக் கவனித்தாள்.

“நாரைகளே, இறங்குங்கள்!” என்றாள் அஞ்சனி. “இறங்குகிறோம்!” என்று சொல்லிக்கொண்டே நாரைகள் நீரைத் தொட்டன. “வலப்பக்கம், வலப்பக்கம்! பாதையில் நிற்காதீர்கள்!” என்று ஆள்காட்டி அவர்களை ஓரமாக ஒதுக்கியது. அடுத்த மூச்சில் கூழைக்கடாக்கள் கீழ் வளையத்துக்குத் தாழ்ந்தன. இமவதிக்கு முன்பே வந்து மேல் வளையத்தில் சுற்றிய கிளுவைகள் என்னும் சிறு வாத்துகள், “நாங்கள் சிறியவர்கள், அவர்களின் பின்னாலேயே இறங்கிவிடட்டுமா?” என்று கேட்டன. “கூடாது! கூழைக்கடா சிறகடித்த காற்று உங்களைக் கவிழ்த்துவிடும். அது அடங்கட்டும். நடு வளையம்!” என்றாள் அஞ்சனி. “நடு வளையம்!” என்றன கிளுவைகள்.

அப்போது கிழக்கே கருமேகம் திரண்டு, காற்று சட்டெனத் திசை மாறியது. காற்றை எதிர்த்து இறங்கினால்தான் பறவை நிற்க முடியும். பின்னால் காற்று தள்ளினால் மரத்தில் மோத நேரிடும்.

“அனைவரும் கேளுங்கள்!” என்றது அந்தச் சிறு குரல். “காற்று மாறிவிட்டது. இனி மேற்கிலிருந்து வந்து கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். கூழைக்கடா அண்ணா, வளைவை அகலமாக்குங்கள். கிளுவைகளே, நாணல் கரை வரை போய்த் திரும்புங்கள். வாத்தம்மா, இருந்த இடத்திலேயே இருங்கள்.”

வானமே திரும்பியது! ஒருவர் இறக்கை இன்னொருவர் மேல் உரசவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. தூக்கணாங்குருவி ஒரு புல்லிழையை இழுத்து மறு இழையின் அடியில் நுழைப்பதுபோல, அவள் ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு சொல்லால் இழுத்து அதனதன் இடத்தில் சேர்த்தாள். இமவதி பனிமுகடுகளைக் கண்டவள். மேகங்களுக்கு மேலே சூரியன் உதிப்பதைக் கண்டவள். ஆனால் நூற்றுக்கணக்கான இறக்கைகளைத் தன் மனத்துக்குள் தாங்கிக்கொண்டு இருக்கும் ஓர் உயிரை அவள் கண்டதில்லை. தன்னையறியாமல் அவள் இறக்கை ஒருகணம் அடிக்க மறந்தது.

“அக்கா!” ஊர்மியின் குரல் உடைந்திருந்தது. அவள் மேல் வளையத்திலிருந்து சற்றே தாழ்ந்துவிட்டாள்.

இமவதி கீழே பார்த்தாள். நீர்ப்பாதை வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் இறங்கவில்லை! இவ்வளவு இடத்தைச் சும்மா வைத்துக்கொண்டா எங்களைக் காக்க வைக்கிறாள்? வியப்பெல்லாம் பறந்துபோனது.

“பின்னால் வாருங்கள்!” என்று சொல்லி, அவள் தலைகுப்புறப் பாய்ந்தாள்.

அவள் அறியாதது ஒன்று இருந்தது. அந்தப் பாதை யாருக்கும் பயன்படாமல் கிடக்கவில்லை. வக்காக்களுக்காக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. கருவேல மரங்களிலிருந்து அப்போதுதான் அவர்கள் கூட்டமாக எழுந்தார்கள்!

“வக்காக்களே, இடப்பக்கம் திரும்புங்கள்! உடனே!” அஞ்சனியின் குரல் சாட்டைபோல் வீசியது. “வாத்தம்மா, மேலே! மேலே!”

வக்காக்கள் மின்னலெனத் திரும்பி விலகினார்கள். அவர்களின் சிறகுக் காற்று இமவதியின் முகத்தில் அறைந்தது. ஒரு சாண் இடைவெளியில் உயிர்கள் தப்பின. வாத்துகள் மூச்சிரைக்க மீண்டும் மேலே ஏறின.

ஊர்மியால் ஏற முடியவில்லை. கிழிந்த இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவளுக்குக் கீழே வளையங்களில் கூழைக்கடாக்களும் கிளுவைகளும் நிறைந்திருந்தார்கள். இன்னும் கீழே, கருவேல முள் நிறைந்த கிளைகள் இருந்தன. குறுக்கே பாய்ந்து தங்கையின் கடைசி வலிமையையும் தானே பறித்துவிட்டதை இமவதி உணர்ந்தாள். எதிரே பருந்து கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் பருந்து, சொல்லாவிட்டால் முள்!

“அஞ்சனி!” என்று அலறினாள். யாரோ கூவி அழைத்த அந்தப் பெயர் அவள் நினைவில் நின்றிருந்தது. “என் தங்கைக்குக் காயம்! வலது இறக்கை கிழிந்திருக்கிறது. அவள் விழப்போகிறாள்! காப்பாற்று, தாயே!”

ஒரு கணம்கூட ஆகவில்லை.

“கேட்டது! வானத்தில் காயம்பட்டவர் இருக்கிறார். அனைவரும் வழிவிடுங்கள்! கூழைக்கடா அண்ணா, வலப்பக்கம் விலகி மேலே. கிளுவைகளே, நாணல் கரைக்கு அப்பால் போங்கள். வக்காக்களே, மரத்துக்கே திரும்புங்கள். பருந்தே!”

இமவதி சட்டெனப் பருந்தின் பக்கம் திரும்பினாள்.

“சொல், அஞ்சனி,” என்றான் பருந்து.

“எட்டும் மட்டும் மேலே போ. நான் கூப்பிடும் வரை இறங்காதே.”

“எட்டும் மட்டும் மேலே. கூப்பிடும் வரை இறங்க மாட்டேன்,” என்று பருந்து சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னான். இமவதியைக் கடக்கும்போது, “பயப்படாதீர்கள், அம்மா. வேட்டையெல்லாம் வயல்வெளியில்தான். வளையத்துக்குள் நானும் வரிசையில் நிற்பவன். போன ஆண்டு என் கண்ணில் புண். இதே வானம் எனக்காகவும் விலகியது,” என்றான். பிறகு ஒரு தூசிபோல் உயரத்தில் மறைந்தான்.

அதன்பின் இமவதி கண்டதை அவள் வாழ்நாளில் மறக்கவில்லை. நெருக்கியடித்துக்கொண்டிருந்த வானம், ஒரு கதவு திறப்பதுபோல் இரு பக்கமும் விலகியது. கேலி பேசிய கூழைக்கடாக்கள் கனத்த உடலைத் தூக்கிக்கொண்டு, வாய் திறவாமல் மேலே ஏறினார்கள். பகலெல்லாம் பறந்து களைத்தவர்கள், வீட்டு வாசலை எட்டிய பிறகு, இன்னும் ஒரு சுற்றுக்குத் திரும்பினார்கள். ஏரி முழுவதும் அமைதி. அதன் நடுவே ஒரே ஒரு குரல்.

“ஊர்மி, நான் அஞ்சனி. என் குரலை மட்டும் கேள். வலது இறக்கையை அடிக்காதே, விரித்து மட்டும் வை. இடப்பக்கம் கொஞ்சம் திரும்பு. என்ன செய்கிறாய், சொல்.”

“விரித்து… வைக்கிறேன். இடப்பக்கம்… திரும்புகிறேன்.”

“அருமை! எதிர்க்காற்று உன்னைத் தாங்கும். மரங்களைப் பார்க்காதே. நேரே நீர். காலை நீட்டு. இப்போது!”

நீர் இரு பிளவாகச் சிதறியது. ஊர்மி சறுக்கி, தள்ளாடி, மிதந்தாள்! ஆள்காட்டி ஓடிவந்து, “இப்படி வா, தாயி, இப்படி! இங்கே ஆழமில்லை!” என்று அவளைக் கரைக்கு அழைத்தது.

மற்ற வாத்துகளும் அழைக்கப்பட்டபோது இறங்கினார்கள். இமவதி நீரைத் தொட்டதும் பனையை அண்ணாந்து பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. “அஞ்சனி, உனக்கு நான் எப்படி…”

“நன்றியெல்லாம் அப்புறம், அம்மா! பாதையை விட்டு விலகுங்கள். உங்கள் பின்னால் கூழைக்கடா வருகிறார்!”

இமவதி அவசர அவசரமாகக் கரைக்கு நீந்தினாள். “கரையோரம் போகிறேன்!” என்று உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

ஊர்மியின் அருகில் அமர்ந்து அவள் மேலே பார்த்தாள். கூழைக்கடாக்கள் இறங்கினார்கள். காற்று அடங்கியபின் கிளுவைகள் இறங்கினார்கள். வக்காக்கள் புறப்பட்டார்கள். எல்லோருக்கும் கடைசியாக, மழையின் முதல் துளிகளோடு, பருந்து கரைப் புல்லில் வந்து அமர்ந்தான். அதுவரையில் பனையின் உச்சியிலிருந்த அந்தக் கரும்புள்ளி ஒரு முறைகூட இறக்கையை விரிக்கவில்லை.

துன்பத்தை மறைத்து வலிமையைக் காட்டுகிறவருக்கு யாரும் உதவ முடியாது. உள்ளதை உள்ளபடி சொல்கிறவருக்கு வானமும் வழிவிடும்.