மாப்பிள்ளையைக் கலக்கிய அண்ணன்மார்

மறுவீட்டு விருந்துக்குப் போகிற மாப்பிள்ளையை, உழுது போட்ட வயல் வழியாகச் சைக்கிளில் குலுக்கிக் கொண்டுபோன கதை உங்களுக்குத் தெரியுமா?

சுரைக்காய்ப்பட்டியில் பிச்சைமணி, சடையாண்டி, ஒச்சப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர்கள் இரண்டு பேரும் பஞ்சர் கடை வைத்திருந்தார்கள். கடைக்குட்டி ஒச்சப்பனுக்கு முந்தின நாள்தான் கல்யாணம். பந்திக்குப் பந்தி அவனும் உட்கார்ந்து சாப்பிட்டதில், விடிந்ததும் நெஞ்செரிச்சல். வயிறு கல்லு மாதிரி கிடந்தது. ஒரு ஏப்பம்கூட வரவில்லை.

மத்தியானம் மாமியார் வீட்டில் விருந்து. கிடா அடித்திருந்தார்கள். பொண்ணு காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். மாப்பிள்ளை இலையில் ஒரு துண்டு மிச்சம் வைத்தாலும் போதும், மாமியார் வெள்ளத்தாயி பேரன் பேத்தி எடுக்கிறவரைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அண்ணன்கள் மருந்துக்கடைக் கனகவேலிடம் ஓடினார்கள். அவர் எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாக் கட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினார். சோம்பேறித்தனமாக நாலு குமிழி வந்தது.

"வயித்துல இருக்கறதும் இந்த மாதிரி புளிப்புத்தான். சோடா போய் அதை அடக்கும். கட்டியாப் போட்டா மெதுவா அடக்கும், பொடியாப் போட்டா சீக்கிரம். சூடு இருந்தா இன்னும் சீக்கிரம். நல்லாக் கலக்கணும். தண்ணி ரொம்பச் சேந்தா வேகம் செத்துப்போகும். குமிழி வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டு, சோடாக் கட்டிகளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் ஒரு கட்டியைத் தம்பி வாயில் போட்டு விழுங்க வைத்தார்கள். அது தொண்டையைத் தாண்டிய பிறகுதான் சடையாண்டிக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே, பொடியாப் போடணும்னாரே."

பிச்சைமணி தாடையைத் தடவினான். "கட்டி உள்ள போயிருச்சு. இனி வெளிய இருந்துதான் இடிக்கணும். உலக்கை எங்க?"

"உலக்கை வேணாம்ணே," என்றான் ஒச்சப்பன்.

"அப்ப நீயே குதி. உள்ள நொறுங்கிரும்."

ஆட்டுரல்மேல் ஏறி ஏறிக் குதித்தான். அடுத்தது சூடு. கம்பளியைப் போர்த்தி எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"ஒரு வாய் தண்ணி குடுண்ணே."

"தண்ணி சேந்தா வேகம் செத்துப்போகும்டா. கறி திங்கணுமா வேணாமா?"

ஒச்சப்பன் அழுதான்.

"அழட்டும்ணே," என்றான் சடையாண்டி. "இருக்கிற தண்ணியும் வெளிய போகட்டும்."

இனிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். வாய்க்குள் டார்ச் அடித்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. பஞ்சர் கடைக்காரர்களுக்குக் குமிழி பார்க்கவா தெரியாது? தம்பியின் தலையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். மூக்கிலிருந்து கொத்துக் கொத்தாக வந்தது.

"வேலை நடக்குது. ஆனா ரெண்டு ஓட்டை இருக்குண்ணே. ஒட்டிரலாமா?"

"விருந்து முடியட்டும்."

தலையைத் தூக்குவதற்குள் ஒச்சப்பன் பாதித் தொட்டியைக் குடித்துவிட்டான். "போச்சு, நீர்த்துப்போச்சு," என்று பிச்சைமணி மீதிச் சோடாவை, இந்தத் தடவை மறக்காமல் பொடித்து, வாயில் கொட்டினான்.

பாக்கி, கலக்குவது மட்டும்தான். தம்பியைக் கேரியரில் கட்டி, ரோட்டை விட்டு இறங்கி, உழுத வயல் வழியே மிதித்தார்கள். ஒவ்வொரு மண்கட்டியிலும் சைக்கிள் எகிறியது. ஒவ்வொரு எகிறலுக்கும் மாப்பிள்ளை வயிற்றில் களக் களக் என்று சத்தம்.

வெள்ளத்தாயி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். ஒச்சப்பன் இறங்கி வாயைத் திறந்தான். வந்தது பாருங்கள் ஒரு ஏப்பம். ஆரத்திச் சூடம் அணைந்துபோனது. கூரையில் இருந்த கோழி குதித்து ஓடியது.

வெள்ளத்தாயி முகம் சுருங்கியது. "ஏன் மாப்ளே, எங்க வீட்டுச் சோறு ஆகாதுன்னு வழியிலயே மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வந்துட்டீகளா?"

"இல்ல அத்தை," என்றான் பிச்சைமணி. "பச்சைத்தண்ணிகூட நாங்க விரும்பிக் குடுக்கல. ஏப்பம் அவசரப்பட்டு முன்னால வந்துருச்சு. அதுக்குண்டான சோத்தை நீங்கதான் போடணும்."

வெள்ளத்தாயி யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. இலையைப் போட்டாள்.

ஒச்சப்பனுக்கு வயிறு காலியாகி அகோரப் பசி. மெல்லக்கூட நேரமில்லாமல் கறியை அள்ளி அள்ளி உள்ளே தள்ளினான். இலையில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. வெள்ளத்தாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சடையாண்டிதான் பதறிப்போனான்.

"அண்ணே, எல்லாத்தையும் கட்டி கட்டியா முழுங்கிட்டான்."

பிச்சைமணி வீட்டைச் சுற்றிப் பார்த்தான். ஏறிக் குதிக்க ஒரு ஆட்டுரல் இல்லை.

"அத்தை," என்றான் பணிவாக, "உங்க வீட்டு உலக்கையைக் கொஞ்சம் குடுங்க."