எண்ணெய் விற்ற தர்மம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால், அது எங்கள் ஊர்தான் என்று நாலு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் பெயர் வேண்டாம்.

அந்த நாட்டை உத்தம பூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். எதையும் பாதி கேட்டுவிட்டு முழுதாக நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை. அரண்மனையில் மாலைதோறும் பௌராணிகர் புராணம் சொல்வார், அரசர் சாய்ந்தபடி தூங்குவார். ஒரு நாள் தூக்கம் கலைந்த நேரத்தில், "பலன் கருதிச் செய்வது தர்மம் ஆகாது" என்ற ஒரே ஒரு வாக்கியம் அவர் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் பௌராணிகர் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார் என்று யார் கண்டார்கள்? மறுநாள் சபை கூடியதும் அரசர் ஆணை பிறப்பித்துவிட்டார்.

"இன்று முதல் நம் நாட்டில் தர்மம் செய்பவர் எவரும் அந்தத் தர்மத்தால் எள்ளளவு பலனும் பெறக் கூடாது. பெற்றால் அந்தத் தர்மத்தை இழுத்து மூடி முத்திரை வைக்க வேண்டும்."

சபை முழுவதும் "ஆஹா!" என்றது. ஆஹா சொல்வதற்குத்தானே சபைக்குச் சம்பளம். வாயைத் திறக்காமல் நின்றவர் அரசவை விகடகவி திருமேனி ஒருவர்தான். பெயரைக் கேட்டு ஆளைக் கற்பனை செய்யாதீர்கள். பலமாகக் காற்றடித்தால் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு அவருக்கு.

நாட்டின் தான தர்மங்களைக் கவனிக்கும் தானாதிகாரி அகோரமூர்த்தி அப்போது எழுந்து நின்றார். அரசர் தன்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார், திருமேனியைப் பார்த்தால் சிரிக்கிறாரே என்று நெடுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்தவர் அவர். இன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. திருமேனிக்கு அது நல்லதாகப் படவில்லை.

"மகாராஜா, தங்கள் ஆணைப்படி முதல் குற்றவாளி ஆற்றங்கரைச் செக்கடி வீடு. ஆதரவற்ற பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் தர்மம் என்று பெயர். ஆனால் முன்கட்டில் எள் ஆட்டி எண்ணெய் விற்கிறார்கள்! தர்மம் என்றால் தர்மம், வியாபாரம் என்றால் வியாபாரம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்தலாம் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. புருஷனை இழந்தவர்களும் புருஷன் துரத்தியவர்களுமான பெண்கள் சிலர் சேர்ந்து அந்தச் செக்கை ஓட்டினார்கள். எண்ணெய் விற்று வந்ததைக் கொண்டு, தாய்வீடு இல்லாத பிள்ளைத்தாய்ச்சிகளைப் பின்கட்டில் வைத்துப் பார்த்தார்கள். யாரிடமும் போய்க் கையேந்தியதில்லை. அகோரமூர்த்தி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவருடைய மைத்துனரும் எண்ணெய் வியாபாரிதான். செக்கடி வீட்டு எண்ணெய் கடைத்தெருவுக்கு வந்த பிறகு மைத்துனரின் கலப்பட எண்ணெயை ஊரில் சீந்துவாரில்லை.

"அந்த வீட்டை முன்பு இதே சபையில் வாயாரப் புகழ்ந்தவர் நம் விகடகவி. ஆணையை நிறைவேற்றும் பொறுப்பையும் அவரிடமே அளிப்பதுதான் முறை. தவறினால் நாட்டை விட்டு வெளியேறட்டும்" என்று முடித்தார் அகோரமூர்த்தி.

அரசருக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. முத்திரை மோதிரத்தைக் கழற்றித் திருமேனியிடம் நீட்டினார். திருமேனி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டார்.

"மகாராஜா, நம் நாட்டில் தர்மங்கள் ஏராளம். எதிலிருந்து தொடங்கட்டும்? பெரியதிலிருந்து கீழே வரவா, சிறியதிலிருந்து மேலே போகவா?"

"பெரியதிலிருந்து தொடங்கி வரிசையாக வா. ஒன்றையும் விடாதே."

"விடமாட்டேன், பிரபு. நடுவில் யாராவது தடுத்தால்?"

"தடுப்பவன் எவனாயினும் அவன் அரச ஆணையை மீறியவன்!"

திருமேனி சபையிலிருந்து நேராகச் செக்கடி வீட்டுக்குப் போனார். அவருக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வீட்டைத் தலைமை ஏற்று நடத்திய உலகம்மை, முழங்கை வரை எண்ணெயோடு வாசலில் வந்து நின்றாள்.

"வாங்கய்யா. முத்திரை வைக்க நீங்களேதான் வாரீகளாமே? நல்லாருக்கு."

"அரச ஆணை, உலகம்மை. நீங்கள் தர்மத்தில் சம்பாதிக்கிறீர்களாம்."

"சம்பாதிக்காம எப்படிய்யா குடுக்கது? செக்கு சுத்தலைன்னா இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் நான் எங்க போவேன்? பிள்ளையப் பொதியத் துணி வேண்டாமா? அங்கன பாருங்க, முத்தக்கா படுத்திருக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. புருசன் வெரட்டிட்டான். பெத்தவுக கதவடைச்சிட்டாக. இந்தக் கதவையும் அடைச்சா அவ ஆத்தங்கரையிலயா போய்ப் பெறுவா?"

பின்கட்டில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண் ஒருத்தி மெல்லத் திரும்பி, திருமேனியின் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தாள். சபையையே சிரிக்க வைக்கிற மனிதர் அந்த மோதிரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"செக்கை நிறுத்தாதே உலகம்மை. வரிசையில் உங்கள் முறை கடைசி" என்றார்.

"முதல்ல மூடினா என்ன, கடைசியில மூடினா என்ன? மூடுறது மூடுறதுதான?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். திருமேனி அரண்மனைத் தெருவை நோக்கி நடந்தார்.

மறுநாள் கோயிலில் தேர்த் திருவிழா. நாட்டிலேயே பெரிய தர்மம் அன்றைக்குத்தான் நடக்கும். அரசர் தம் செலவில் ஊருக்கே அன்னதானம் செய்வார். சாப்பிட்டு எழுந்தவர்கள் "மகராசன் நல்லா இருக்கணும்" என்று வாயார வாழ்த்துவார்கள். பறையும் கொம்பும் முழங்கும். புலவர் ஒருவர் அரசரைக் கர்ணனுக்கு ஒரு படி மேலே ஏற்றிப் பாடுவார். கடைசியில் அரசர் கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் தலை குனிவார், குருக்கள் சுவாமிக்குச் சாத்திய பட்டுத் துணியை எடுத்து அந்தத் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அரசர் வருஷம் முழுவதும் காத்திருப்பார் என்பது அரண்மனையில் எல்லாருக்கும் தெரியும்.

திருமேனி விடியும்போதே கோயிலுக்கு வந்துவிட்டார். மோதிரத்தைக் காட்டி மேளக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார். புலவரை ஒரு பானை மோரோடு மடைப்பள்ளியில் உட்கார வைத்தார். மண்டபத் தூணில் அரசரின் கொடையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். பிறகு பந்திக்கு வந்தார்.

"அனைவரும் கேளுங்கள்! இது அரச ஆணை. சாப்பாடு வயிறு நிறைய உண்டு. ஆனால் சாப்பிட்டுவிட்டு யாரும் அரசரை வாழ்த்தக் கூடாது. கும்பிடக் கூடாது. முகத்தில் சந்தோஷம் காட்டக் கூடாது. காட்டினால் அது அரசருக்குப் பலனாகிவிடும்."

"ஏப்பம் விடலாமாய்யா?" என்று ஒரு கிழவர் கவலையோடு கேட்டார்.

"சத்தம் வராமல் விடுங்கள்."

அரசர் வந்தார். பறை இல்லை, கொம்பு இல்லை. பந்தியில் ஜனங்கள் பாயசத்தைக் குடித்துவிட்டு, சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அரசருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற அகோரமூர்த்தியிடம், "சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதா?" என்று மெதுவாகக் கேட்டார். அகோரமூர்த்தி விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

சந்நிதிக்கு வந்ததும் அரசர் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். பரிவட்டம் வரவில்லை. குருக்கள் பட்டுத் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றிருந்தார். அரசர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடியும் குனிந்தார். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"என்ன நடக்கிறது இங்கே?" என்று நிமிர்ந்து கர்ஜித்தார்.

"ராஜத் துரோகம் நடக்கிறது, பிரபு! தங்கள் பெயர் பொறித்த கல்லிலேயே சுண்ணாம்பு அடித்திருக்கிறான். இவனை இப்போதே நாடு கடத்த வேண்டும்!" என்று அகோரமூர்த்தி குதித்தார்.

திருமேனி முன்னால் வந்து பணிந்து நின்றார். "மகாராஜா, பெரியதிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். இந்த நாட்டில் தங்கள் அன்னதானத்தைவிடப் பெரிய தர்மம் எது? வாழ்த்து, பாட்டு, பரிவட்டம் எல்லாம் தங்களுக்கு வருகிற பலன்கள். எள்ளளவும் வராமல் தடுத்தேன். இந்தத் தர்மத்தையே மூடி முத்திரை வைப்பதைவிட இது மேல் என்று நினைத்தேன்."

"அடே, அது பலன் அல்ல, மரியாதை!"

"அப்படியானால் இல்லாமல் போனாலும் நஷ்டமில்லையே. ஒன்று மட்டும் கேட்கிறேன், பிரபு. உண்மையைச் சொல்லுங்கள். இனி எந்த வருஷமும் பறை கிடையாது, பாட்டு கிடையாது, பரிவட்டம் கிடையாது. அடுத்த வருஷம் இதே மனத்தோடு அன்னமிடுவீர்களா?"

அரசர் வெறுந்தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். பொய் சொல்லிப் பழகாதவர், சந்நிதி வேறு.

"போடுவேன். ஆனால் பாயசம் வைக்கச் சொல்லுவேனா என்பது சந்தேகம்தான்" என்றார்.

"செக்கடி வீட்டுப் பெண்களும் நம்மைப் போல மனிதர்கள்தான், மகாராஜா. தங்களுக்கு வருகிற பலன் தங்கள் தலையில் ஏறி அரண்மனைக்குப் போகிறது. அவர்களுக்கு வருகிற பலன் இஞ்சியாகவும் மஞ்சளாகவும் பிள்ளைத் துணியாகவும் அதே வீட்டின் பின்கட்டுக்குப் போகிறது. அதை நிறுத்தினால் நிற்பது வியாபாரம் மட்டுமல்ல, பிரசவமும்தான். அங்கே ஒரு பெண் வலியோடு படுத்திருக்கிறாள். என் கையில் இருந்த இந்த மோதிரத்தைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பிரபு."

அரசரின் முகம் இளகியது. அகோரமூர்த்திக்கு வியர்த்தது. "மகாராஜா, பேச்சில் மயங்க வேண்டாம். ஆணை என்றால் ஆணை. சொன்ன சொல்லை மாற்றுவது தங்கள் வம்சத்துக்கே அழகல்ல" என்றார்.

"தானாதிகாரி சொல்வது சரி. ஆணையை மாற்றத் தேவையில்லை" என்று திருமேனி உடனே ஒப்புக்கொண்டார். "வரிசைப்படி நடந்தால் போதும். அரசர் தர்மத்துக்கு அடுத்த பெரிய தர்மம், தானாதிகாரி ராஜபாட்டையில் நடத்தும் தண்ணீர்ப் பந்தல். அதற்காகத்தானே அவருக்கு வரியில்லாத தென்னந்தோப்பு கிடைத்தது? 'தர்மசீலர்' என்ற பட்டமும் அதற்காகத்தானே? இரண்டும் தர்மத்தால் வந்த பலன். தோப்பு வாசலில் முத்திரை வைக்க இப்போதே புறப்படுகிறேன். பட்டத்தை அவர் இங்கேயே கொடுத்துவிட்டால் எனக்கு இன்னொரு நடை மிச்சம்."

அகோரமூர்த்தி பாய்ந்து வந்து வழியை மறித்தார். "நில்லும்! தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது!"

"மகாராஜா, தடுப்பவர் எவராயினும் என்று தாங்கள் ஏதோ சொன்னீர்களே..."

அவ்வளவுதான். தானாதிகாரி சாஷ்டாங்கமாக அரசர் காலில் விழுந்தார். "பிரபு! அந்த ஆணை சற்று அவசரமாகப் பிறந்துவிட்டது. அதைத் தாங்கள் ரத்து செய்தருள வேண்டும். தர்மம் செய்கிறவன் கொஞ்சம் பலன் பெறுவதில் தவறே இல்லை!"

"எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?" என்று அரசர் கேட்டார். கேட்கும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சந்நிதி என்றும் பாராமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரசர் சிரித்துவிட்டாரே என்று, அதுவரை முகத்தை இறுக்கி வைத்திருந்த ஜனங்களும் மொத்தமாகச் சிரித்தார்கள். கிழவர் ஏப்பத்தைச் சத்தமாகவே விட்டார்.

ஆணை அங்கேயே ரத்தானது. கலப்பட எண்ணெய் விவகாரத்தையும் திருமேனி சொல்லிவிட்டதால், அகோரமூர்த்தியின் பதவியும் தோப்பும் அதோடு போயின.

அரசருக்கு அந்தச் செக்கடி வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பரிவாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருமேனியோடு நடந்தே ஆற்றங்கரைக்குப் போனார். தர்மத்தைக் காப்பாற்றிய அரசரை அவர்கள் எப்படி வரவேற்கப் போகிறார்களோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். வாசலை அடையும்போது பின்கட்டிலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. முத்தக்காளுக்குப் பெண் குழந்தை. திருமேனி அங்கேயே நின்று மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

முன்கட்டில் எண்ணெய் வாங்க ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். உலகம்மை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கிரீடமில்லாமல் வந்து நின்ற அரசரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"எண்ணெயா ஐயா? பாத்திரம் கொண்டாந்தீகளா?"

"பாத்திரம் கொண்டுவரவில்லையே, அம்மா."

"அப்போ போய் எடுத்துக்கிட்டு வாங்க. வந்து வரிசையில கடைசியில நில்லுங்க. பிள்ளை பெத்தவளுக்கு வெந்நி வைக்கணும், எனக்குப் பேச நேரமில்ல."

அரசர் திருமேனியைப் பார்த்தார். திருமேனி வேறு பக்கம் பார்த்தார். கோயிலில் சிரித்ததெல்லாம் சும்மா என்று சொல்லும்படி அரசர் இப்போது சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டார்.

பலன் வேண்டாம் என்று திருமேனி ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பேருக்குமாக ஒரு பாத்திரம் வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போனார். நாடாளும் மன்னர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.